துரத்த 33 மில்லியன் டாலர்: கென்டக்கி கூடைப்பந்தும் ரசிகர்கள் போடும் கணக்கும்

2024 மார்ச் 21 அன்று இரவு, பிட்ஸ்பர்க் நகரில், ஜாக் கோல்கி என்ற 24 வயது ஆட்டக்காரர் கூடையை நோக்கி இருபது முறை பந்து எறிந்தார். இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தவை. அவற்றில் பத்து உள்ளே விழுந்தன. கென்டக்கி பல்கலைக்கழக அணியின் அந்த வருட ஆட்டம் அதோடு முடிந்தது. மூன்று வாரத்துக்குள் அதன் பயிற்சியாளர் ஜான் கலிபாரியும் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார்.

கோல்கி ஆடியது ஓக்லண்ட் பல்கலைக்கழகத்துக்காக. கலிபோர்னியாவில் உள்ள ஓக்லண்ட் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கம் இருக்கும், பெரிய பேர் இல்லாத பல்கலைக்கழகம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வருடா வருடம் மார்ச்சில் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி நடக்கும். தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அணிகளை நான்கு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள். அதில் கென்டக்கிக்குத் தரவரிசை 3, ஓக்லண்டுக்கு 14. முடிவு 80–76, ஓக்லண்டுக்குச் சாதகமாக.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. கென்டக்கி பக்கம் ரீட் ஷெப்பர்ட், ராப் டில்லிங்ஹாம் என்று இரண்டு முதலாமாண்டு மாணவர்கள். மூன்று மாதம் கழித்து, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒருவர் மூன்றாவதாகவும் மற்றவர் எட்டாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். கோல்கியோ இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றில் பல வருடம் ஆடிவிட்டு, மேற்படிப்புக்காக ஓக்லண்டுக்கு மாறி வந்தவர். அன்று ஆடுகளத்தில் அதிகத் திறமை கென்டக்கியிடம்தான் இருந்தது. அதிக வயதும் நிதானமும் எதிரணியிடம் இருந்தன. இன்னொன்று: ஓக்லண்டின் பயிற்சியாளர் கிரெக் காம்பி 1984 முதல் அதே பதவியில் இருப்பவர், அது அவருக்கு 40ஆவது பருவம். தேசியப் போட்டிக்கு எப்போதாவது ஒருமுறை போனாலே கொண்டாடும் கல்லூரி அவருடையது. கலிபாரிக்கு அது 15ஆவது பருவம். ஒருமுறை தேசியக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தவர். 410 வெற்றி, 123 தோல்வி என்று கணக்கு வைத்திருந்தவர். அந்த இரவில் ‘இவரைத் தூக்குங்கள்’ என்று கேட்கப்பட்டவரும் அவரே.

ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் பல்கலைக்கழகம் இருக்கும் லெக்சிங்டன் நகரத்தைப் பார்க்க வேண்டும்.

ஊருக்கு ஒரே அணி

கென்டக்கி மாநிலத்தில் என்.பி.ஏ. அணி இல்லை. ஏ.பி.ஏ. என்ற போட்டித் தொடரில் கென்டக்கி கர்னல்ஸ் என்றொரு தொழில்முறை அணி ஆடிக்கொண்டிருந்தது. 1976இல் அதையும் கலைத்துவிட்டார்கள். மாநிலத்தின் கிழக்கே மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்க ஊர்கள். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பல்கலைக்கழக ஆட்டத்தை வானொலியில்தான் கேட்டார்கள். காவுட் லெட்ஃபர்ட் என்ற வர்ணனையாளர் 1953 முதல் 1992 வரை அந்தக் குரலாக இருந்தார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காத குடும்பங்களுக்கும் அது ‘நம்ம டீம்’. பக்கத்திலேயே லூயிவில் பல்கலைக்கழகமும் பெரிய அணிதான். ஆனால் அது ஒரு நகரத்தின் அணி, கென்டக்கி ஒரு மாநிலத்தின் அணி.

அணியின் சொந்த அரங்கமான ரப் அரங்கத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மேலே எட்டு சாம்பியன் கொடிகள் தொங்குகின்றன: 1948, 1949, 1951, 1958, 1978, 1996, 1998, 2012. முதல் நான்கும் அடால்ஃப் ரப் வென்றவை. 1930 முதல் 1972 வரை பயிற்சியாளராக இருந்தவர். மீதி நான்கை நான்கு வெவ்வேறு பயிற்சியாளர்கள் வென்றார்கள்: ஜோ பி. ஹால், ரிக் பிட்டினோ, டப்பி ஸ்மித், கலிபாரி. ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஐந்து பேர் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது ரசிகர்களின் மனதில் ஒரு முடிவை விதைத்துவிட்டது: வெற்றி வருவது இந்தச் சட்டையால், பயிற்சியாளர் வருவார், போவார். இங்கே யார் வந்தாலும் ஜெயிக்க முடியும் என்றால், ஜெயிக்காதவன் மேல்தானே குற்றம்?

டப்பி ஸ்மித் முதல் வருடத்திலேயே, 1998இல், கோப்பை வென்றார். அதற்குப் பின் ஒன்பது பருவங்கள். கடைசி நான்கு அணிகளுக்குள் ஒருமுறைகூடப் போக முடியவில்லை. ஒரு பருவத்தில் பத்து ஆட்டம் தோற்பவர் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். வேறு எந்தக் கல்லூரியிலும் அவருடைய கணக்கைத் தங்கத்தில் பொறித்திருப்பார்கள். 2007இல் அவராகவே மினசோட்டாவுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்து வந்த பில்லி கில்லிஸ்பி இரண்டே பருவம். 2009இல் அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கடைசிவரை முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை, வெறும் புரிந்துணர்வுக் கடிதம்தான். பிறகு வழக்கு, சமரசம், சுமார் மூன்று மில்லியன் டாலர். இனி எதையும் தாளில் கறாராக எழுதிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இரு தரப்புக்கும் அங்கேயே கிடைத்தது எனலாம்.

கலிபாரி கட்டிய வீடு

2009இல் கலிபாரி வந்தபோது அமெரிக்கக் கூடைப்பந்தில் ஒரு விதி அவருக்காகவே எழுதியது போல இருந்தது. பள்ளி முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குப் போக முடியாது. 19 வயதாகி, பள்ளியை விட்டு ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். திறமைசாலிகள் ஒரு வருடம் எங்காவது ஆடியாக வேண்டும். அந்த ஒரு வருடத்துக்கு என்னிடம் வாருங்கள், கோடீஸ்வரனாக்கி அனுப்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன பெரிய பயிற்சியாளர் அவர். ஜான் வால், ஆண்டனி டேவிஸ், கார்ல்-ஆண்டனி டவுன்ஸ், டெவின் புக்கர், ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் எல்லோரும் அந்த வழியில் வந்து போனவர்கள். 2012இல் கோப்பை. 2015இல் 38 ஆட்டங்கள் வரிசையாக வென்று, 39ஆவதில் விஸ்கான்சினிடம் 71–64 என்று தோற்றார்கள்.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு சின்ன உரசல் இருந்தது. 2010 என்.பி.ஏ. தேர்வில் முதல் சுற்றிலேயே ஐந்து கென்டக்கி ஆட்டக்காரர்கள் எடுக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகக் கூடைப்பந்து வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய நாள் என்ற அர்த்தத்தில் கலிபாரி பேசினார். அப்போது ஏழு சாம்பியன் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்த ஊர் அது. அந்தப் பேச்சு பலருக்குத் தைத்தது. பையன்கள் பணக்காரர் ஆவது நல்ல விஷயம், சரி. எங்கள் ஊரின் பெரிய நாள் அதுதானா?

ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை இப்படிப்பட்ட முணுமுணுப்பு அடியில் கிடக்கும். 2019இல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் கலிபாரியைக் கூப்பிட்டது. பதிலுக்குக் கென்டக்கி பத்து வருடம், சுமார் 86 மில்லியன் டாலர் என்று ‘வாழ்நாள் ஒப்பந்தம்’ போட்டுக் கொடுத்தது. அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த பருவங்கள்தான் கைவிட்டன. 2020–21இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022 தேசியப் போட்டியில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற, நியூ ஜெர்சியின் சின்னக் கல்லூரி, 15ஆம் தரவரிசையில் இருந்துகொண்டு கென்டக்கியைக் கூடுதல் நேரத்தில் 85–79 என வீழ்த்தியது. அதே ஆகஸ்ட்டில், இது கூடைப்பந்துப் பள்ளி என்று கலிபாரி ஒரு பேட்டியில் சொல்லப்போக, பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக அப்போது இருந்த மார்க் ஸ்டூப்ஸ் பொதுவெளியிலேயே கோபப்பட்டார். 2023இல் இரண்டாம் சுற்றில் வெளியே. பிறகு கோல்கி.

விளையாட்டும் இதற்குள் மாறிப்போயிருந்தது. 2021இலிருந்து மாணவர் தன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். அதே வருடம் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும் என்ற தடையும் தளர்ந்தது. கொரோனாவுக்காகக் கூடுதலாக ஒரு வருடம் ஆட அனுமதி வேறு. விளைவு, 22, 23, 24 வயது ஆட்கள் நிறைந்த அணிகள். பதினெட்டு வயதுப் பையன்களை வைத்துக் கட்டிய வீட்டின் அடித்தளம் அங்கேதான் ஆடியது. கலிபாரிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் மாறவில்லை என்பதுதான் ரசிகர்களின் புகார், என் பார்வையில் நியாயமான புகாரும்கூட.

பணம் யாருடையது

இங்கே ரசிகர் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வானொலிக்குப் போன் போட்டுத் திட்டுபவர் ஒரு வகை. அவரிடம் கோபம் இருக்கும், அதிகாரம் இல்லை. பருவம் முழுதுக்கும் இருக்கை வாங்குபவர் இன்னொரு வகை. அரங்கம் காலியானால் பல்கலைக்கழகத்துக்கு உறைக்கும். மூன்றாவது வகை நன்கொடையாளர். பயிற்சியாளரை நீக்குவது உண்மையில் இவர் கையில் இருக்கிறது. காரணம் எளிது: ஒழுக்கக்கேடு, விதிமீறல் போன்ற காரணம் எதுவும் இல்லாமல் நீக்கினால், மீதமுள்ள சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துத் தொலைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். அந்தப் பணத்தை அரசு தராது. மாணவர் கட்டணத்திலிருந்து எடுத்தால் ஊர் சிரிக்கும். பணக்காரப் பழைய மாணவர்கள்தான் போட வேண்டும்.

பக்கத்து இந்தியானா மாநிலத்தில் 2021 மார்ச்சில் ஆர்ச்சி மில்லர் என்ற பயிற்சியாளரை நீக்கியபோது அந்தத் தொகை சுமார் 10.3 மில்லியன் டாலர். தனிப்பட்ட நன்கொடையாளர்கள் கட்டினார்கள். நாடு கொரோனாவில் தத்தளித்த நேரம், பல்கலைக்கழகங்கள் செலவைச் சுருக்கிய நேரம். கூடைப்பந்துப் பயிற்சியாளரைக் கிளப்ப மட்டும் பத்து மில்லியன் எங்கிருந்தோ வந்தது.

கலிபாரிக்கு 2024இல் அந்தத் தொகை சுமார் 33 மில்லியன். வாழ்நாள் ஒப்பந்தத்தின் விலை அது. ஓக்லண்ட் தோல்விக்குச் சில நாள் கழித்து, விளையாட்டுத் துறை இயக்குநர் மிட்ச் பார்ன்ஹார்ட், கலிபாரி தொடர்வார் என்று அறிவித்தார். ரசிகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். இரு தரப்புக்கும் பிடிக்காத உறவு பணக் கணக்கால் மட்டும் இன்னொரு வருடம் நீளப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது கென்டக்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்லூரி. டெக்சாஸின் டல்லஸ் நகரில் எஸ்.எம்.யு. பல்கலைக்கழகம் அந்த ஜூலையில் ஏ.சி.சி. என்ற பெரிய கூட்டமைப்பில் சேரவிருந்தது. சேருமுன் கொஞ்சம் பந்தா வேண்டும் அல்லவா? 20 வெற்றி, 13 தோல்வி என்று பருவத்தை முடித்த ராப் லேனியரை இரண்டே வருடத்தில் நீக்கினார்கள். லேனியர் ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். காலியான இடத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் யு.எஸ்.சி.யில் 11 வருடம் இருந்த ஆண்டி என்ஃபீல்டைக் கொண்டுவந்தார்கள். என்ஃபீல்டின் இடத்துக்கு ஆர்கன்சாவிலிருந்து எரிக் மஸ்ஸல்மன் போனார். ஆர்கன்சாவில் நாற்காலி காலி. அங்கே டைசன் ஃபுட்ஸ் என்ற கோழி இறைச்சிப் பேரரசின் தலைவர் ஜான் டைசன், கலிபாரியின் நீண்டகால நண்பர். கலிபாரி ஆர்கன்சாவுக்குப் போகிறார் என்ற செய்தி ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு கசிந்தது. மறுநாள் தேசிய இறுதி ஆட்டம். கனெக்டிகட்டும் பர்டூவும் கோப்பைக்காக ஆடிக்கொண்டிருக்க, பாதி நாடு கலிபாரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 9இல் ஒரு காணொளியில் விடைபெற்றார். இந்த அணிக்கு இன்னொரு குரல் தேவை என்றார். கென்டக்கி ஒரு டாலர்கூடக் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

டல்லஸில் ஒரு நடுத்தரப் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு, இரண்டரை வாரத்தில் லெக்சிங்டனில் 15 வருட ஆட்சியை முடித்துவைத்தது. இதைத்தான் அமெரிக்கப் பத்திரிகைகள் வருடா வருடம் பயிற்சியாளர் ராட்டினம் என்கின்றன.

காலி வீட்டுக்கு வந்த போப்

ரசிகர்கள் போட்ட பட்டியலில் கனெக்டிகட்டின் டேன் ஹர்லி இருந்தார், இரண்டு வருடம் தொடர்ந்து கோப்பை வென்றவர். பேலர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ட்ரூ இருந்தார், 2021 சாம்பியன். ஹர்லி நகரவில்லை. ட்ரூ யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். ஏப்ரல் 12இல் அறிவிக்கப்பட்ட பெயர் மார்க் போப்.

யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். தேசியப் போட்டியில் பயிற்சியாளராக ஒரு வெற்றிகூட இல்லாதவர். அதிலும் வேடிக்கை, அவருடைய அணி அந்த வருடம் டுகேன் என்ற 11ஆம் தரவரிசை அணியிடம் முதல் சுற்றில் தோற்றதும் அதே மார்ச் 21இல்தான். முதல் சுற்றில் தோற்றதற்காக ஒருவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதே நாளில் முதல் சுற்றில் தோற்ற இன்னொருவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? பெயர் கசிந்த இரவில் இணையம் கொதித்தது.

அறிவிப்புக்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிறு மாலை, போப்பை அறிமுகப்படுத்தும் செய்தியாளர் சந்திப்பை ரப் அரங்கத்திலேயே வைத்தார்கள். அரங்கம் நிறைந்துவிட்டது. ஆட்டம் எதுவும் இல்லை. ஒரு மனிதர் பேசுவதைக் கேட்க வந்த கூட்டம். போப் 1996இல் கோப்பை வென்ற கென்டக்கி அணியின் தலைவர்களில் ஒருவர். பழைய ஆட்டக்காரர்களோடு பேருந்தில் வந்து, அந்தக் கோப்பையைக் கையில் பிடித்தபடி இறங்கினார். இங்கே வேலை என்றால் கொடி ஏற்றுவதுதான், அது எனக்குத் தெரியும் என்று பேசினார். இரண்டே நாளில் கோபம் போன இடம் தெரியவில்லை.

இதை வெறும் உணர்ச்சிவசம் என்று தள்ளிவிடுபவர்கள் கென்டக்கி ரசிகர்களைத் தவறாக எடைபோடுகிறார்கள். அவர்களிடம் இரண்டு பேரேடு இருக்கிறது. ஒன்று மார்ச் மாத வெற்றிகளுக்கு. இன்னொன்று, இவன் நம்மவனா என்பதற்கு. முதல் பேரேட்டில் மட்டும் வரவு வைத்தவர் கலிபாரி. அது வறண்டதும் எடுத்துக் கொடுக்க இரண்டாவதில் இருப்பு இல்லை. போப் முதல் பேரேட்டில் பூஜ்யத்தோடு வந்து, இரண்டாவதில் ஒரே மாலையில் பெருந்தொகை போட்டார்.

சான்று வேண்டுமானால் 1992க்குப் போகலாம். முன்னாள் பயிற்சியாளர் எடி சட்டன் காலத்து விதிமீறல்களுக்காக அணி இரண்டு வருடம் தேசியப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. பலர் ஓடிப்போனார்கள், நால்வர் தங்கினார்கள். ரிச்சி ஃபார்மர், டெரன் ஃபெல்தவுஸ், ஜான் பெல்ஃப்ரி மூவரும் உள்ளூர் ஆட்கள், கென்டக்கியின் சிற்றூர்களில் வளர்ந்தவர்கள். நான்காமவர் ஷான் வுட்ஸ் இந்தியானாபொலிஸ் பையன். தடை நீங்கிய வருடம் டியூக் பல்கலைக்கழக அணியிடம் கூடுதல் நேரத்தில், கிறிஸ்டியன் லேட்னரின் கடைசி நொடி எறிதலில், 104–103 என்று தோற்றார்கள். கோப்பை இல்லை. கடைசி நான்கில் இடம்கூட இல்லை. ஆனாலும் சில நாளிலேயே அந்த நால்வரின் சட்டைகளையும் ரப் அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். கோப்பையை மட்டுமே கேட்கும் கூட்டம் தோற்றவர்களின் சட்டையைத் தொங்கவிடாது.

போப்புக்குக் கிடைத்தது காலி வீடு. முந்தைய வருட அணியிலிருந்து உதவித்தொகை பெற்ற ஆட்டக்காரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பயிற்சியாளர் மாறினால் ஆட்டக்காரர்கள் மாறிக்கொள்ளத் தனி அவகாசம் உண்டு என்பதால் இப்போதெல்லாம் பயிற்சியாளரை மாற்றுவது என்றால் அணியையே மாற்றுவது. மூன்று பேர் கலிபாரியோடு ஆர்கன்சாவுக்கே போனார்கள். மற்றவர்கள் என்.பி.ஏ.வுக்கும் பிற கல்லூரிகளுக்கும். போப் வெவ்வேறு கல்லூரிகளிலிருந்து வயதான, அனுபவமுள்ள ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்தார். கூடவே டிராவிஸ் பெர்ரி, டிரென்ட் நோவா என்று மாநிலத்துப் பள்ளிகளில் பேர் வாங்கிய இருவரையும் வைத்துக்கொண்டார். இரண்டாவது பேரேட்டை மறக்காதவர்.

பொறுமை கிடைத்தவர்கள்

இதே விளையாட்டில் பொறுமைக்கு வேறு கதைகள் உண்டு. யு.சி.எல்.ஏ.வில் ஜான் வூடன் 1948இல் சேர்ந்தார். முதல் கோப்பை 1964இல், 16ஆவது பருவத்தில். அதையும் சேர்த்து 12 வருடத்தில் பத்து. இன்றைய ராட்டினத்தில் அவர் நான்காவது வருடத்தைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம். பத்தாவது கோப்பையை வென்ற 1975 இறுதி ஆட்டத்துக்குப் பின் ஒரு நன்கொடையாளர் வந்து, போன வருடம் கைவிட்டீர்கள், இது அதை ஈடுகட்டிவிட்டது என்று பாராட்டியதாக வூடனே சொல்வதுண்டு. அதற்கு முன் ஏழு வருடம் தொடர்ந்து ஜெயித்திருந்தவர் அவர். பின்னால் வந்த ஜீன் பார்டோ 52 வெற்றி, 9 தோல்வி என்று இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, போதும் என்று கிளம்பினார். பென் ஹவ்லண்ட் 2006, 2007, 2008 மூன்று வருடமும் கடைசி நான்குக்குக் கொண்டுபோனார், 2013இல் நீக்கினார்கள்.

டியூக்கில் மைக் ஷெஷெவ்ஸ்கி முதல் மூன்று பருவத்தில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983இல் வர்ஜீனியாவிடம் 109–66 என்று அடி வாங்கிய பிறகு நன்கொடையாளர்களில் ஒரு கூட்டம் அவரைத் துரத்தச் சொன்னது. விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். ஐந்து கோப்பைகள் பின்னால் வந்தன. இந்தக் கதையைச் சொல்லித்தான் ஒவ்வொரு பயிற்சியாளரும் அவகாசம் கேட்கிறார். ஆனால் பட்டர்ஸ் காலத்தில் தோற்ற அணி அடுத்த வருடமும் அதே அணிதான். பொறுத்தால் முதலாமாண்டு பையன்கள் மூன்றாமாண்டு ஆட்டக்காரர்களாக வளர்வார்கள். இப்போது பொறுத்திருந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ரசிகர்கள் முன்பைவிட மோசமானவர்களாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. காத்திருப்பதால் கிடைக்கும் லாபம்தான் குறைந்துவிட்டது.

இந்தியானாவுக்கோ அவகாசமும் உதவவில்லை, அவசரமும் உதவவில்லை. பாப் நைட் 1976, 1981, 1987 என மூன்று கோப்பை வென்றார். 1976 அணி 32–0, அதற்குப் பின் ஆண்கள் பிரிவில் தோற்காமல் சாம்பியன் ஆன அணியே கிடையாது. ஆட்டக்காரர் ஒருவரின் கழுத்தைப் பிடித்த காணொளி வெளிவந்ததும், இனி ஒரு தவறுகூடக் கூடாது என்று நிபந்தனை போட்டு, 2000 செப்டம்பரில் நீக்கினார்கள். அடுத்து மைக் டேவிஸ், கெல்வின் சாம்ப்சன், டாம் கிரீன், ஆர்ச்சி மில்லர், மைக் வுட்சன், இப்போது டேரியன் டிவ்ரீஸ். டேவிஸ் 2002இல் இறுதி ஆட்டம்வரை போனவர், அதுவும் போதவில்லை. விதிமீறிய தொலைபேசி அழைப்புகளுக்காக 2008இல் வெளியேற்றப்பட்ட சாம்ப்சன், பிற்பாடு ஹூஸ்டனைக் கட்டியெழுப்பி 2025 இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். வுட்சன் நைட்டிடமே ஆடியவர், முழுக்க நம்மவர். 2025இல் சொந்த அரங்கத்திலேயே அவரை நீக்கச் சொல்லி முழக்கம் எழுந்தது. இரண்டாவது பேரேட்டின் இருப்புக்கும் ஒரு கரை உண்டு என்பதற்கு வுட்சன்தான் சாட்சி. கென்டக்கிக்காரர்கள் அதைக் கவனித்திருப்பார்கள்.

இரண்டாவது வருடம்

2025 பிப்ரவரி 1இல் கலிபாரி ஆர்கன்சா அணியோடு ரப் அரங்கத்துக்கு வந்தார். பெயர் சொன்னதும் கூச்சல். ஆட்டத்தை அவரே 89–79 என்று வென்றார், கென்டக்கியிலிருந்து கூட்டிப்போன மூவரும் ஆட. மார்ச்சில் 10ஆம் தரவரிசையில் நுழைந்த ஆர்கன்சா, கான்சஸை வீழ்த்தி, அடுத்து பிட்டினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்தியது. கென்டக்கியின் முன்னாள் பயிற்சியாளர்கள் இருவர் மோதிக்கொண்டதை லெக்சிங்டன் தொலைக்காட்சியில் பார்த்தது. போப்பின் அணியும் அதே கடைசி 16 வரை வந்தது. அந்தப் பருவத்தில் தான் இரண்டு முறை தோற்கடித்திருந்த டென்னசியிடம் 78–65 என்று தோற்றது. ஒரே சுற்றில் இருவரும் நின்றார்கள். ஆனால் போப்புக்கு அது நல்ல தொடக்கம் என்று எழுதினார்கள். முந்தைய வருடங்களில் கலிபாரி கடைசி 16இல் தோற்றிருந்தால் அப்படி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தால் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது. முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 20.5 மில்லியன் டாலர். வெளி விளம்பரப் பணம் தனி. போப்பின் இரண்டாவது அணிக்கே 22 மில்லியன் அளவில் செலவு என்று செய்திகள் வந்தன. இந்த எண் வெளியானதும் ரசிகரின் கணக்கு மாறுகிறது. முன்பு தோற்றால் பதினெட்டு வயதுப் பையன் என்று மன்னிக்க ஒரு வழி இருந்தது. சம்பளம் வாங்குபவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனைப் பொறுக்கி எடுத்தவருக்கு அதைவிடக் கிடையாது.

2025 டிசம்பர் தொடக்கத்தில் நாஷ்வில் நகரில் கோன்சாகாவிடம் கென்டக்கி 94–59 என்று தோற்றது. லெக்சிங்டனிலிருந்து காரில் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர், அரங்கம் முழுக்கக் கென்டக்கி ரசிகர்களின் நீலச் சட்டை. கூச்சல் போட்டது அந்த நீலச் சட்டைக்காரர்களே. அந்தக் கூச்சலுக்கு நாங்கள் தகுதியானவர்கள், பெரும்பாலும் நான்தான் என்று போப் ஒப்புக்கொண்டார்.